சிரட்டைக் கம்பி

அந்த இரண்டு பெட்டிகளையும் முதலில் சித்தியின் கட்டிலருகே, மருந்துக் குப்பிகளை ஒதுக்கிவிட்டு, ஒரே மேசையின் மேல் வைத்துத்தான் சோதித்தேன். ஒலியை ஒளியாக்கிக் கண்ணாடி இழை வழியாக அனுப்பும் ஃபைபர் மோடங்கள் அவை. எப்போதும் சோடியாகவே வேலை செய்யும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஓர் இழை, வர ஓர் இழை. மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரியும். எதிர்ப்பக்கத்து ஒளி வந்து சேர்ந்தால் பச்சை எரியும். குட்டையான இரண்டு இழைகளால் இணைத்தேன். இரண்டிலும் பச்சை வந்தது.

"இவ்வளவு பக்கத்துல இருந்தா நானும் பேசுவேன். இதுக்கு எதுக்கு மக்கா கம்பி?" என்றாள் சித்தி.

கோயில் பாடகர் குழுவில் இளம் வயதிலிருந்தே பாடியவள். செங்கல் என்ற ஊருக்குப் போகும் சாலையின் மேட்டில் எங்கள் சபைக் கோயில்; கீழே ரப்பர் தோட்டத்துக்குள் அவள் வீடு. அந்தப் பள்ளத்தில் மொபைலுக்குச் சிக்னல் கிடைக்காது. காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய பிறகு, ஞாயிறு ஆராதனையைக் கேட்க முடியவில்லையே என்பதுதான் அவளுடைய ஒரே புகார். மின்னணுவியல் படித்துவிட்டுச் சமூகப் பணிக்கு வந்தவன் நான். தீராத நோயாளிகளின் வலி தணிக்கும் சாந்துவச் சிகிச்சைக் குழுவோடு வீடு வீடாகப் போகிறவன். கோயிலையும் கட்டிலையும் இழையால் இணைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. கிறிஸ்மஸ் பாட்டு வருவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன் என்று அவள் நம்பினாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னது சித்தப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவளிடம் சொல்லக் கூடாது என்று சித்தப்பா தீர்மானித்திருந்தார். அது சரியல்ல என்று ஒருமுறை வாதாடினேன். அவர் ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டார்.

போகவும் வரவும் ஒவ்வொரு இழை கொண்ட இரண்டு கேபிள்களை மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு போனவரும் அவரே. கோயிலிலிருந்து வீட்டுக்கு வருவதை முதலில் நைலான் கயிற்றால் கட்டினார். கயிறு தீர்ந்தது. வீட்டிலிருந்து கோயிலுக்குப் போவதை, ரப்பர் பால் வடியும் சிரட்டையை மரத்தோடு கட்டும் கம்பியால் கட்டினார். காற்றுக்குச் சிரட்டை அசையக் கூடாது என்று எப்படி இறுக்குவாரோ, அப்படியே இறுக்கினார்.

சனிக்கிழமை பிற்பகல் அவர் ஒரு பெட்டியோடு கோயிலுக்கு ஏறிப் போனார். பீடத்து மைக்கை அதில் இணைத்து, பச்சை விளக்கு எரிந்தால் பேசுவதாக ஏற்பாடு. நான் கட்டிலருகே இருந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். சற்று நேரத்தில் பச்சை எரிந்தது. ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. சித்தி சிரித்தாள்.

"கேக்குது சித்தப்பா" என்று இங்கிருந்த மைக்கில் சொன்னேன். பதில் இல்லை. மறுபடி அழைத்தேன். அங்கிருந்த கோயில் உபதேசியார் பெட்டியைப் பற்றி ஏதோ கேட்பதும், சித்தப்பா பச்சை எரியவில்லை என்று சொல்வதும் தெளிவாகக் கேட்டன. ஒரு வழி பிழைத்திருந்தது, ஒரு வழி செத்திருந்தது. அந்த விளக்கு, வருவதை மட்டுமே சொல்லும், போவதைச் சொல்லாது. அவர் அறிந்திருக்க வழியில்லை. இரண்டுமே செத்துவிட்டதாக நினைத்து மைக்கின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார் போலும்.

"நான் தொட்ட ஒண்ணும் வெளங்காது" என்றது அவர் குரல். பிறகு, உபதேசியார் கேட்காமலே, "டாக்டர் கைவிட்டாச்சு. அவளுக்குத் தெரியாது. தெனமும் காலத்த எழும்பினதும், நீ நல்லாயிட்டு வாறேன்னு சொல்லுகேன். பொய்யாக்கும். அவ மொகத்தப் பாக்க எனக்குக் கழியல்ல."

நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் அந்தக் கையில் மிச்சமிருந்தது எனக்குத் தெரியாது.

"அணைக்காண்டாம் மக்கா."

அவளிடம் சொல்லிவிடலாமே என்று உபதேசியார் தணிந்த குரலில் கேட்டார்.

"சொன்னா அவ பயப்படமாட்டா. எனக்காக்கும் பயம்."

அதன்பிறகு ஸ்பீக்கரில் அழுகை மட்டுமே வந்தது. அவரை நான் அழுது கண்டதில்லை. அவள் கண்டிருந்தாளா, தெரியாது. அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ கிறிஸ்மஸ் பாட்டுக்கு நான் இல்ல" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. ஆனாலும் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அதுவே பதிலாயிற்று.

மேலே பெட்டியை அணைத்திருப்பார், இங்கே பச்சை அணைந்தது. சித்தப்பா இறங்கி வந்து வாசலில் நின்றார். முகம் கழுவியிருந்தார். "இங்கயும் எரியல்லதானே?" என்று என்னைக் கேட்டார்.

கட்டிலிலிருந்து அவள் முந்திக்கொண்டாள். "இல்ல. இங்கயும் இருட்டாக்கும்."

பொய்யை எதிர்த்து வாதாடியவன் நான். அப்போது வாய் திறக்கவில்லை. அவர் பொய் அவளைக் காக்கவென்று சொன்னது. அவள் பொய் அவரைக் காக்க. அந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையைக் கொண்டுபோய் வைக்க எனக்கு என்ன உரிமை என்று இன்றும் யோசிக்கிறேன்.

பிழை எங்கே என்று தேடி கேபிள் வழியே நடந்தேன். கம்பி இறுகிய இடங்களில் இழை மடிந்து, ஒளி வெளியே கசிந்து போயிருந்தது. காரணத்தை விளக்கினால் மற்ற கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் வெளிப்பட்டுவிடும். எனவே இரண்டுமே இறுகிவிட்டன என்று சொல்லி, இரண்டின் கட்டையும் தளர்த்தினேன். மாலைக்குள் இரு பெட்டிகளிலும் பச்சை எரிந்தது.

மறுநாள் காலை சித்தப்பா வெள்ளை வேட்டி உடுத்துப் புறப்பட்டபோது, சித்தி அவரைத் தடுத்தாள். "நீங்க போகாண்டாம். இங்க இருந்து ரெண்டுபேருமாக் கேப்போம்." ஞாயிறு தவறாதவர் அவர். அன்று கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரங்களிலும் அப்படித்தான். மேலே சபை அவளுடைய சுகத்துக்காக ஜெபித்தது. அவள் மைக்கில் ஆமென் சொன்னாள். கோயிலில் அது கேட்டதாம்.

கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கும் முன்னே அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் கேபிள்களை அவிழ்த்தோம். நான் பிரிக்க, அவர் வளையமாகச் சுற்றினார். ஒன்றைச் சுற்றி முடித்து மற்றதை எடுத்தவர், அதன் தோலில் கம்பி பதிந்த தடங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு கீழே வைத்த முதல் வளையத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு தடமும் இல்லை.

"இதுக்கு ஒண்ணும் ஆகல்லியே" என்றார். "எந்தப் பக்கத்துக்குள்ளது இது?"

இனியும் மறைப்பது யாருக்காக என்று தோன்றியது. "கோயில்ல இருந்து இங்க வாறது, சித்தப்பா."

அவர் அந்த வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தார். மேலே கோயிலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பது காற்றில் மெல்லக் கேட்டது.

"அப்போ அன்னைக்கு அவ கேட்டிருக்கா. அதாக்கும் என்ன அங்க போகாண்டாம்னு சொன்னா" என்றார்.