சாம்பிராணிப் புகையும் என் மூக்கும்

காளவாசல் பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மூக்குத்தண்டு வளைந்திருந்ததால் பல வருடமாக வாயால்தான் மூச்சு; வாசம் எதுவும் தெரியாது. சரியான தூக்கமில்லை, எப்போதும் அசதி. நான் வீடு திரும்பியதும் மனைவி சாம்பிராணி போடுவாள்.

"ஏற்கனவே மூச்சு முட்டுது, புகையப் போட்டுக் கொல்றியா?" என்று கத்துவேன். அவள் பாட்டுக்கு வீடு முழுக்கப் புகை காட்டுவாள்.

போன மாதம் ஆபரேஷன் செய்து மூக்குத்தண்டை நேராக்கினார்கள். ஓய்வு முடிந்து கடைக்குப் போன முதல் நாள், களைத்து வந்து சட்டையைக் கழற்றினேன். கருவாட்டு நாற்றம். கடையில் இருந்தபோது அது சரக்கின் வாசம் என்றிருந்தேன். இது என் மேலிருந்தே வந்தது.

"இன்னைக்கு சாம்பிராணி போடலையா?"

"டாக்டரு புகை ஆகாதுன்னுட்டாருல்ல."

"இம்புட்டு வருசமா எப்படித்தான் இருந்த?"

"பழகிப்போச்சு" என்றாள்.

சட்டையை எடுத்துக்கொண்டு நானே குழாயடிக்குப் போனேன். மூச்சு தாராளமாக வந்தது. அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.