அக்காவின் சதைத்துண்டும் ஒரு மீன்பெட்டியும்: திருகோணமலையிலிருந்து கண்டிக்கு

நிலாவெளி, கன்னியா, சேருவில என்று சுற்றிப் பார்க்கிற இடங்களைப் பற்றித்தான் இதுவரை இங்கே எழுதினேன். இந்தப் பயணம் அப்படியில்லை. இதே அலுவலாய் இதே பாதையில் போகப்போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சல்லியில் இருக்கிற என் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. ஆனி மாதக் கடைசியில் டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் ஊசியால் சின்னச் சின்னத் துண்டுகள் எடுத்தார்கள். அநேகமாகப் புற்றுநோய்தான் என்று ஸ்கான் பார்த்த டொக்டர் இரண்டு கிழமைக்கு முன்பே என்னிடமும் அத்தானிடமும் சொல்லியிருந்தார். அந்தத் துண்டில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று கண்டியில் உள்ள ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் எந்த மருந்து என்று முடிவெடுக்கலாமாம். அக்காவுக்கு நாங்கள் சொன்னது, "கொழுப்புக் கட்டி, சும்மா ஒரு சோதனை." எங்கள் பக்கத்து வழக்கம் அது. வருத்தக்காரரைத் தவிர ஊருக்கே அந்த நோய் தெரியும்.

அந்தத் துண்டுகள் போட்ட போத்தலை அன்று பின்னேரம் அத்தான் வாங்கி வைத்திருந்தார். அவர் மீன் வியாபாரி. விடிய நான் போனபோது மீன் அனுப்புகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றைச் சுற்றிவர ரேப் ஒட்டித் தந்தார். "கவனமாய்க் கொண்டுபோ பிள்ளை, உள்ளுக்குப் பத்திரமாய் வைச்சிருக்கிறன்" என்றார். நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கண்டிக்கு 180 கிலோமீற்றர் அளவில் வரும். காலை ஐந்தரை பஸ், சாதாரண சீற், எண்ணூறு ரூபாய்க்குள். கப்பல்துறை தாண்டுவதற்குள்ளேயே கண்டக்டர் வந்துவிட்டார்.

"அக்கா, மீனோ? மீன் எண்டால் சீற்றில வைக்க ஏலாது. பின்னுக்கு வையுங்கோ."

"மீன் இல்லைத் தம்பி. ஆஸ்பத்திரிச் சாமான்."

"மீன்பெட்டிக்குள்ளயோ?"

அவர் நம்பவில்லை. நான் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கந்தளாய்க் குளமும் தம்புள்ளை மரக்கறிச் சந்தையும் வழியில் வந்தன, போயின. ஹபரணையில் பத்து நிமிசம் நிற்பாட்டினார்கள். தேத்தண்ணி சீனிப்பாணி மாதிரி இருந்தது, குடிக்காதீர்கள். கண்டியில் இறங்கப் பதினொரு மணியாகிவிட்டது. அங்கிருந்து ஆய்வுகூடத்துக்கு ஆட்டோவில் நானூறு ரூபாய்.

அங்கே இருந்த டொக்டர் அம்மா தமிழ் பேசுவார். பெட்டியைப் பிரித்தார், ஐஸுக்குள்ளிருந்து போத்தலை எடுத்தார், திறந்து மணந்து பார்த்தார்.

"இதில இருந்த மருந்துத் தண்ணி எங்க? யார் இதை ஐஸ்ல வச்சது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அது போமலின், பிள்ளை" என்றார், ஏதோ களவைப் பிடித்தவர் போல. "மூடி இறுக்கமோ எண்டு பாக்கத் திறந்தனான், மணத்திலயே தெரிஞ்சு போச்சு. மீன் கெடாமல் இருக்க அந்த நஞ்சைப் போட்டு விக்கிறன் எண்டு கதை கட்டித்தானே போன வருசம் என்ர யாவாரத்தைப் படுக்க வைச்சவங்கள்? அதைக் கொண்டுபோய் உங்கட அக்கான்ர சதையில ஊத்தித் தந்திருக்கிறாங்கள். அதை வெளியில ஊத்திப்போட்டு, நல்ல தண்ணியில கழுவி, புது ஐஸில வைச்சனான். பழுதாகியிராது."

என் வாயில் வந்ததை இங்கே எழுதேலாது. மீனை நாலு நாள் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்த மனிசன், அக்காவின் துண்டை ஒரே இரவில் பழுதாக்கிவிட்டார். அதுவும் பாசத்தில். அதுதான் இன்னும் கடுப்பு.

டொக்டர் அம்மா என்னை இருத்தி விளங்கப்படுத்தினார். உடம்பில் உள்ள கலங்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்புமாம். பெருகு, நில், செத்துப் போ என்று. அந்தச் செய்தியைக் கொண்டுபோவதும் அநேகமாகப் புரதம், கலத்தின் வெளிப்பக்கத்தில் நின்று அதைப் பிடிப்பதும் புரதம். சிலருடைய மார்புப் புற்றில், பிடிக்கிற அந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சி முளைத்துவிடுகிறது. ஒரு வீட்டுக் கூரையில் நூறு அன்டெனா பூட்டின மாதிரி. பிறகு யாரும் சொல்லாவிட்டாலும் அந்தக் கலத்துக்குப் "பெருகு" என்றுதான் கேட்கும். போதாக்குறைக்குக் கட்டியே பக்கத்துக் கலங்களுக்குச் செய்தி அனுப்பி, தனக்கு இரத்தக் குழாய் போடவைக்கிறது. காவலுக்கு வருகிற கலங்களைச் சும்மா இருக்கச் சொல்கிறது.

"அந்த அன்டெனாவை மறிக்க மருந்து இருக்கு" என்றார். "ஆனா அது இருக்கான்னு தெரியாம குடுக்க ஏலாது. எடுத்த கையோட போமலின்ல ஊறினாத்தான் புரதம் அப்படியே நிக்கும். இது உறைஞ்சு சிதைஞ்சு போச்சு. இதுல நான் எதைப் பார்த்துச் சொன்னாலும் அது பிழையா இருக்கலாம். திரும்ப எடுங்க."

போமலின் ஏன் என்று அத்தானுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மீனுக்கு நஞ்சாவது இதற்குக் காவல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? போத்தலைக் கையில் கொடுத்தவர்களுக்கு இரண்டு வசனம் சொல்ல வாய் வரவில்லை.

இரவு ஏழு மணிக்குச் சல்லிக்கு வந்து சேர்ந்தேன். அக்கா குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தா.

"திரும்ப ஒருக்கா ஊசி குத்த வேணுமாம்" என்றேன்.

"கொழுப்புக் கட்டிக்கு ரெண்டாந்தரமோ?"

அத்தான் முற்றத்தைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அக்கா அழவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு கிழமை."

"மீன் விக்கிறவருக்குத் தெரியும். ஊர் சுத்துறவளுக்குத் தெரியும். கட்டியை நெஞ்சில சுமக்கிறவளுக்கு மட்டும் தெரியாது." பிறகு எழும்பினா. "ஆடி கழியட்டும். அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் தொட வேண்டாம்."

கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். அத்தான் கோயிலில் நேர்த்தி வைத்தார். அக்கா அசையவில்லை. ஆவணி பிறந்த பிறகுதான் ஊசி குத்த வந்தா. இந்த முறை போத்தலை வேறு ஒருவரையும் தொடவிடாமல், தானே கண்டிக்குக் கொண்டுபோனா.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். போத்தலில் இருக்கிற தண்ணியை வெளியே ஊற்றாதீர்கள், எவ்வளவு மணத்தாலும் சரி. ஐஸ் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நிமிர்த்தி வைத்து, டொக்டரின் கடிதத்தையும் கொண்டுபோங்கள். ஒற்றை நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் முதல் பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல், கட்டி யாருக்கோ அவருக்குச் சொல்லுங்கள். தாங்கமாட்டா என்று நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

சோதனை முடிவு போன கிழமை வந்தது. ஆனியில் கட்டி மட்டும்தான் இருந்தது. இப்போது கமக்கட்டிலும், அக்குளுக்குள், நெறி கட்டியிருக்கிறது, அங்கும் பரவிவிட்டதாம். அந்தப் புரதம் நிறைய இருக்கிறதாம், மறிக்கிற மருந்தைத் தொடங்கலாமாம். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனியில் அவர் கழுவி ஐஸில் வைத்த துண்டிலும் அது இருந்திருக்கும்.