தேனீக்காரன் பெண்டாட்டி

பழனாத்தாள் ஹனூர்ப் பக்கம் காட்டோரம் பிறந்தவள். தேனீ அவளுக்குப் புதிதல்ல. புருஷன் மாரிசாமி சாமுண்டி மலையடியில் ஒரு கொய்யாத் தோட்டத்தில் காவலுக்குச் சேர்ந்தபோது அவளும் மைசூருக்கு வந்தாள்.

தோட்டத்துச் சொந்தக்காரர் கேசவமூர்த்தி, ஓய்வுபெற்ற எஞ்சினியர். தேனீ மொய்த்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று 1936இல் பத்து மரப்பெட்டிகள் செய்து வைத்தார். ஒன்றிலும் ஈ தங்கவில்லை. ஒருநாள் கிளையில் கொத்தாகத் தொங்கிய கூட்டத்தைப் பழனாத்தாள் வெறுங்கையால் கூடையில் வழித்தெடுத்து, ராணி ஈயைப் பெட்டிக்குள் விட்டாள். மற்றவை அதன் பின்னாலேயே நுழைந்தன. இரண்டு வருஷத்தில் பத்துப் பெட்டியும் நிறைந்தது.

தேனீக்கென்று ஓர் ஆளைப் போட்டபோது கேசவமூர்த்தி எழுதியது மாரிசாமி பெயரை.

“பொம்மனாட்டி பேரை எப்படிப் போடறது? வேலையை அவ பார்க்கட்டும்,” என்றார்.

மாரிசாமிக்கு ஈ என்றாலே நடுக்கம். ஆனாலும் கேட்டவர்களிடமெல்லாம் தானே பிடித்ததாகச் சொன்னான். அவளும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு தை மாதம் பெட்டிகளைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் சிலர் வந்தார்கள். “நீ குடிசைய உட்டு வெளிய வராத புள்ள,” என்று சொல்லிவிட்டுப் போனான் மாரிசாமி. அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டியிலிருந்து ஈக்கூட்டம் கிளம்பிப் போய் மாமரத்து உச்சியில் உட்கார்ந்தது. “எங்க தேனீக்காரன் பிடிக்கறதைப் பாருங்கோ,” என்றார் கேசவமூர்த்தி. மாரிசாமியால் முடியாதென்று அவருக்குத் தெரியும்; ஆனாலும் வந்தவர்கள் முன்னால் ஒரு பெண்ணைக் கூப்பிட மனமில்லை. மாரிசாமியும் அவளைக் கூப்பிட வெட்கப்பட்டு ஏறினான். கொத்தை அவசரமாக அள்ளியதில் ஈக்கள் நசுங்கின. மற்றவை முகத்தில் கொட்டின. கிளையை விட்டுவிட்டுக் கீழே விழுந்தான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பழனாத்தாள், அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தாள். தானும் ஏறப்போனாள்.

“நீ இரு. கூட்டம் பறந்துடும். முதல்ல அதைப் பிடி,” என்றார் கேசவமூர்த்தி.

“அவரு கண்ணே தொறக்கலீங்க சாமி.”

“ஆஸ்பத்திரியில பார்த்துப்பா. குடிசையில இருக்கணுமா வேண்டாமா?”

அவள் மரம் ஏறினாள். வந்தவர்கள் கை தட்டினார்கள்.

மாரிசாமி பிழைத்தான். இடுப்புக்குக் கீழே மட்டும் அசைவில்லை. தேனீ வேலை அவன் பெயரிலேயே தொடர்ந்தது. ஒன்பது வருஷம், அவன் சாகும்வரை, அவளே அவனைத் தூக்கி உட்காரவைத்தாள், கழுவிவிட்டாள். அவள் கை பட்டாலே அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“அன்னிக்கு நீ வந்திருந்தா நான் இப்படிக் கிடப்பனா?” என்பான்.

வராதே என்று சொன்னது யாரென்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவன் போன பிறகு தோன்றியது.