வயர் பிடுங்குகிற வேலை

மந்தைவெளி கிளினிக்கில் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'வயர் பிடுங்கி'. வாரம் ஒருமுறை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் ஒரு வயரை உருவி விடுவேன். எது நிற்கிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பேன்.

தலைமை நர்ஸுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"நல்லா ஓடுறத ஏன் சார் நோண்டுறீங்க?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வரும். "தானா அறுந்தா யாரு சிஸ்டர் பதில் சொல்றது?" என்பேன்.

எங்கள் கிளினிக்குகளில் எந்தத் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வது மயிலாப்பூர் அலுவலகத்தில் இருக்கும் ஒரு மென்பொருள். ஒவ்வொரு கிளினிக்கிலும் உள்ள நெட்வொர்க் பெட்டிகள் அது சொன்னபடி நடக்கும். தொடர்பு போனால் திருதிருவென்று விழிக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் மாற்று வழியை முன்பே பதிந்து வைத்திருந்தேன். கேபிள் செத்தால் யாரையும் கேட்காமல் மொட்டை மாடியில் வைத்திருக்கும் சிம் கார்டு மோடம் வழியாகப் போய்விட வேண்டும்.

பங்குனித் தேர் வரும் முன் மயிலாப்பூர் மாட வீதியில் குறுக்கே தொங்கும் கேபிள்களை அறுத்துவிடுவார்கள்; எங்கள் கேபிளும் அந்த வழிதான். ஊருக்கே தெரிந்த சங்கதி. அதற்காகவே இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு கேபிள் வாங்கியிருந்தோம். வரைபடத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், இரண்டும் வேறு வேறு தெரு. வீதியிலோ இரண்டும் ஒரே கம்பத்தில் ஏறி ஒன்றாகவே குறுக்கே போயிருந்தன. வருஷா வருஷம் தேர் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

தேரன்று காலை இரண்டும் போயின. அந்த நேரம் பார்த்து, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா நெஞ்சுவலியோடு எங்களிடம் படுத்திருந்தார். அவருடைய ஈ.சி.ஜி.யை அடையாறில் இருக்கும் இதய டாக்டர் பார்த்தாக வேண்டும். மயிலாப்பூர் தொடர்பு இல்லை என்று திரை சொன்னது.

"இன்னா நைனா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது? என் நெஞ்சுப் படம் போச்சா இல்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அடையாறு டாக்டர். "படம் வந்துடுச்சு. அட்டாக்தான். உடனே ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க."

பெட்டி யாரையும் கேட்காமல் சிம் கார்டு வழியாகப் படத்தை அனுப்பியிருந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில வாரம் கழித்து அந்த அம்மா மறுபரிசோதனைக்கு வந்தார். வெற்றிலை போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்காக எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு எந்த வயர் சார்? காட்டுங்க, இவங்க படம் போறப்போ நானே புடுங்குறேன்."