மாமன் கொண்டுவந்த மெரிக்கா வழக்கம்

என் மாமன் மூன்று வருஷம் கப்பலில் போய்விட்டுத் திரும்பியபோது ஒரு கம்பளிச் சட்டையையும், ராஜா இல்லாத தேசம் ஒன்று இருக்கிறது என்ற செய்தியையும் கொண்டுவந்தார். சட்டையை எங்கள் ஊர் வெயிலில் யாராலும் போட முடியவில்லை. செய்தியை யாரும் நம்பவில்லை.

பழவேற்காட்டில் அப்போது உலாந்தாக்காரர் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரர் கொடி பறந்துகொண்டிருந்தது. நடுவில் சில வருஷம் இங்கிலீஷ்காரர் ஊரைப் பிடித்து, கோட்டையை இடித்து, பிறகு இடிந்த கோட்டையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்களும் சரி, வாங்கியவர்களும் சரி, எங்கள் குப்பத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகையால், மெரிக்காவில் ஆளுகிறவனைக் குடிகளே பொறுக்கி எடுக்கிறார்கள் என்று மாமன் சொன்னது பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

சென்னப்பட்டணத்துக்கு வந்த மெரிக்காக் கப்பல் ஒன்றில் பாய் கட்டும் வேலைக்குச் சேர்ந்து, அவர்களுடைய துறைமுகத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்திருக்கிறார் மாமன். அந்த வருஷம்தான் அங்கே தேர்தல்.

“நாலு வருஷத்துக்கு ஒருத்தன். அப்புறம் மறுபடியும் கேப்பாங்க. வேணாம்னு சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடுவான்” என்றார்.

“சிப்பாய்ங்கள வச்சிக்கினு போமாட்டேன்னா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொல்லல.”

சித்தப்பாவுக்கு இது புரியாததில் ஆச்சரியம் இல்லை. அவருக்கு இடது காது கேட்காது. இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த பாட்டுச் சண்டையில் வடக்குக் குப்பத்தான் ஒருவன் துடுப்பால் அடித்ததில் போன காது அது. பாடு என்றால் எங்கள் பக்கத்தில் மீன் பிடிக்கும் இடம். மழைக்குப் பிறகு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் கொட்டும். அந்த இடத்தில் எந்த நாள் எந்தக் குப்பம் வலை போடுவது என்று முறை வைப்பதற்கு மூன்று குப்பங்களுக்கும் பொதுவாக ஒரு பெரியதனக்காரர் இருந்தார். பிள்ளையில்லாத அவர் அந்த ஆடியில் இறந்துபோனார்.

மூன்று குப்பமும் ஆளுக்கொருவரை நிறுத்தின. எங்கள் குப்பம்தான் பெரியது. அதிலிருந்து என் நைனா. வடக்குக் குப்பத்திலிருந்து ஒரு கிழவர். ஏரிக்குள் இருக்கும் தீவுக் குப்பத்திலிருந்து ஒரு தோணிக்காரர். தீவுக் குப்பம்தான் மூன்றிலும் சிறியது. என் அம்மாவும் மாமனும் அங்கே பிறந்தவர்கள். மாமன் அக்கா வீடு என்று எங்களோடு தங்கியிருந்தார்.

தலைக்கு ஒரு குரல் என்றார்கள் எங்கள் ஆட்கள். அப்படியானால் எந்தக் காலத்திலும் உங்கள் ஊர்தானே என்றார்கள் மற்ற இரண்டு ஊர்க்காரர்களும். ஊருக்கு ஒரு குரல் என்று அவர்கள் கேட்டதை எங்கள் ஆட்கள் காதிலேயே வாங்கவில்லை. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. சிலர் கத்தி தீட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் மாமன் வாயைத் திறந்தார். “இதே சண்ட அவங்களுக்கும் வந்துகீது” என்று மணலில் கோடு கிழித்துக் காட்டினார்.

மெரிக்கா என்பது பல மாகாணம் சேர்ந்தது. சிலது பெரிசு, சிலது சிறிசு. அதனால் சட்டம் போட இரண்டு சபை வைத்திருக்கிறார்கள். ஒரு சபைக்குத் தலைக்கணக்குப்படி ஆள். அவர்களை ஜனங்களே இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அனுப்புகிறார்கள். மற்றதில் பெரிய மாகாணத்துக்கும் இரண்டு ஆள், சின்ன மாகாணத்துக்கும் இரண்டு ஆள். அவர்களை மாகாணத்துப் பஞ்சாயத்து அனுப்பும், ஆறு வருஷத்துக்கு. தேசத்தின் பெரியதனக்காரரை ஜனங்கள் நேராக எடுப்பதில்லை. ஒவ்வொரு மாகாணமும் அந்த இரண்டு சபைக்கும் எத்தனை பேரை அனுப்புகிறதோ அத்தனை பொறுக்குகிறவர்களை வைத்துக்கொள்ளலாம். பொறுக்குகிறவர்களில் பாதிக்கு மேல் யாருக்குக் குரல் கொடுக்கிறார்களோ அவரே பெரியதனக்காரர்.

பெரிய ஊருக்கும் கொஞ்சம், சின்ன ஊருக்கும் கொஞ்சம். இது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இதில் தாங்கள்தான் லாபம் அடைந்தோம் என்று ஒவ்வொரு ஊரும் நினைத்ததே காரணம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மாமனும் இன்னும் இருவரும் வீடு வீடாகத் தலை எண்ணினார்கள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையான என்னையும் எண்ணினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா மீனைத் திருப்பிக் காயவைத்துக்கொண்டே தம்பியைக் கேட்டாள். “அங்க பொம்பளைங்களும் குரல் குடுக்கறாங்களா?”

“எண்ணுவாங்கக்கா. கேக்க மாட்டாங்க.”

“வேற யார கேக்க மாட்டாங்க?”

“வெலைக்கு வாங்கின கறுப்பு ஆளுங்க கீறாங்க. அவங்கள அஞ்சு பேர மூணுன்னு எண்ணுவாங்க.”

“மீதி ரெண்டு பேரு இன்னா ஆனாங்க?”

மாமன் எழுந்து அடுத்த வீட்டுக்குத் தலை எண்ணப் போனார். எங்கள் துறையிலிருந்தே ஆட்களை விலைக்கு ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று உண்டு. அம்மா அடுத்த மீனைத் திருப்பினாள்.

தலைக்கணக்கும் ஊருக்கு இரண்டுமாகச் சேர்த்ததில் எங்கள் குப்பத்துக்கு ஆறு பேர், வடக்குக்கு நாலு, தீவுக்கு மூன்று என்று வந்தது. குறித்த நாள் காலையில் முகத்துவாரத்து மணலில் மூன்று பாய் விரித்தார்கள். பொறுக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்களுக்கு வேண்டியவர் பாயில் ஒரு கிளிஞ்சலை வைத்தார்கள். யாரும் ஊர் மாறி வைக்கவில்லை. நைனாவின் பாயில் ஆறு விழுந்தது. எங்கள் ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

வடக்குக் குப்பத்துக் கிழவர் பாய்களுக்கு நடுவில் வந்து நின்றார். “எறக்குங்கப்பா. பாதிக்கு மேல வேணும்னு பேச்சு. பதிமூணுல ஆறு பாதிக்கு மேலயா?”

நைனாவைக் கீழே இறக்கினார்கள். எல்லோரும் மாமனைப் பார்த்தார்கள். இப்படி நேர்ந்தால் மெரிக்காவில் என்ன செய்வார்கள் என்று அந்த மணலில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதிகம் பெற்றவரே பெரியதனக்காரர் என்று அவர் சொல்லியிருந்தால் மறுத்துப் பேச ஆள் இல்லை. மாமன் பெண்கள் நின்ற பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தில் ஒன்றும் இல்லை.

“சொல்லு மச்சான்” என்றார் நைனா.

“அங்க ஒரு தரம் இப்படி ஆயிக்கீது மாமா. அப்போ தலைக்கணக்குச் சபை கூடி முடிவு பண்ணிச்சி. ஆனா அன்னிக்கு மட்டும் ஆளுக்கு ஒரு குரல் இல்ல. மாகாணத்துக்கு ஒரு குரல். பெரிசானாலும் ஒண்ணு, சிறிசானாலும் ஒண்ணு.”

“தன் ஊருக்காகப் பேசறான்” என்று சித்தப்பா கத்தினார். இரண்டு பேர் மாமனின் சட்டையைப் பிடித்தார்கள்.

நைனா அவர்களை விலக்கினார். “நெசமாவா?” என்று மட்டும் கேட்டார்.

“நெசம் மாமா. பொய் சொல்லத் தெரியும். சொல்லல.”

“சரி. ஊருக்கு ஒண்ணு” என்றார் நைனா.

தீவுக்காரர்கள் தங்கள் தோணி மறைவில் போய்ப் பேசினார்கள். தங்கள் ஆள் வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களோடு சேர்ந்தால் என்றைக்கும் எங்களுக்குக் கீழே என்றும் தெரிந்திருந்தது. திரும்பி வந்து வடக்கோடு சேர்ந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. எல்லோரையும்விட அதிகக் கிளிஞ்சல் வாங்கிய நைனா, வெயில் ஏறுவதற்குள் ஒன்றுமில்லாதவரானார்.

அன்று மாமனோடு எங்கள் குப்பத்தில் யாரும் பேசவில்லை. அந்தக் கடைசி விதியை அவர் அங்கேயே கட்டிவிட்டார் என்று சொன்னார்கள். அவர் மறுபடி கப்பலேறிப் போனபிறகும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று, எனக்குக் கல்யாணம் ஆனபின் சென்னப்பட்டணத்தில் ஒரு மெரிக்கா மாலுமி சொல்லக் கேட்டேன். அதற்குள் உலாந்தாக்காரரும் போய், எங்களை இங்கிலீஷ்காரர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு யாரும் கிளிஞ்சல் வைக்கவில்லை.

மறுநாள் காலை, செத்துப்போன பெரியதனக்காரர் எங்கள் வீட்டில் வைத்திருக்கச் சொன்ன, அந்தப் பதவிக்கு அடையாளமான வெள்ளிப்பூண் தடியை நைனா துடைத்து எடுத்தார். சித்தப்பா தடுத்தார். அனுப்பாவிட்டால் என்ன செய்வார்கள், வரட்டும் பார்க்கலாம் என்றார். வாசலில் இளவட்டங்கள் சிலர் அதற்காகவே நின்றிருந்தார்கள். நைனா அவர்களைத் தாண்டி நடந்து, என்னைத் தூக்கித் தோணியில் வைத்தார். குழந்தை இருக்கிற தோணியை யாரும் மறிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. சவாரி என்று நினைத்தேன்.

அம்மா தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி வந்தாள். “சிரிச்சிக்கினு குடு” என்றாள்.

வடக்குக் குப்பத்துக் கரையில் ஊரே நின்றது. கம்புகளோடுதான் நின்றார்கள். நைனா தடியை இரண்டு கைகளாலும் கிழவரிடம் கொடுத்தார். கொடுக்கும்போது சிரித்தார். அவர் அவ்வளவு நேரம் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கிழவர் அழுதார். யாரோ எனக்கு ஒரு துண்டு பனம்பழம் கொடுத்தார்கள்.

சிரிக்கிறவர் ஜெயித்தவர், அழுகிறவர் தோற்றவர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. திரும்பி வந்ததும் தோணியிலிருந்து குதித்து, நைனா ஜெயித்துவிட்டார் என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றிருந்த இளவட்டங்கள் என்னைப் பார்த்தார்கள், நைனாவைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வலை பார்க்கப் போனார்கள். யாரும் என்னைத் திருத்தவில்லை.