என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டுபோன காதர் பாய்

செய்தி வந்தபோது என் கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஃபோனை நான்தான் எடுத்தேன். "அக்கா, அவுக போயிட்டாக" என்று மட்டும் சொன்னாள் காதர் பாயின் மனைவி ரஹ்மத். நான் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலுமாகச் செம்பூரிலிருந்து தாராவிவரை போயிருக்கிறார். நான் பின்னாலேயே வேறு ஆட்டோ பிடித்துப் போனேன். எனக்காக ஒரு நிமிடம் நிற்க அவருக்குத் தோன்றவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு நினைவஞ்சலி எழுதித்தரச் சொல்லி என் கணவரைத்தான் கேட்டார்கள். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் வேலை என் தலையில் விழுந்தது. காதர் பாயை அறிந்த நீங்கள் உருக்கமான வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதினால் வயிற்றெரிச்சலும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதர் பாய்க்குத் தோல் பை தைக்கும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்றால், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அன்றுதான் வேலைநாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் பை நிறைய டிவிடியோடு வந்துவிடுவார். குழந்தைகள் கீறிப் பாழாக்குவதற்குள் வாங்கிய படத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது அப்போது வீட்டுக்கு வீடு இருந்த கவலை. ஆனால் கடையில் வாங்கும் டிவிடி தட்டில் படம் இரண்டு அடுக்காகப் பதிந்திருக்கும். நாம் வாங்கும் வெற்றுத்தட்டோ ஒரே அடுக்கு, பாதிதான் கொள்ளும். எனவே படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, மெனு, வேற்றுமொழி ஒலி எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தைச் சுருக்க வேண்டும். எதைக் கழிப்பது என்று இரண்டு ஆண்கள் மணிக்கணக்காகச் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் மகளின் படிப்பைப் பற்றிக்கூட என் கணவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஓட்டுவார்கள். மட்டமான தட்டு விளிம்பில்தான் கோளாறு செய்யுமாம். படத்தின் முடிவும் அங்கேதான் பதியுமாம். "கடேசி ஓடிருச்சுன்னா முழுசும் ஓடும்ணே, டென்ஷன் எடுக்காதிய" என்பார் காதர் பாய். இப்படியே இருவருமாக ஊரிலுள்ள படங்களின் முடிவையெல்லாம் பார்த்துத் தீர்த்தார்கள். பிரிந்த அண்ணன் தம்பி கட்டிக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எதற்காகப் பிரிந்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

ஒருநாள் டீ கொண்டுபோனபோது, "என்ன கதை இது?" என்று கேட்டேன். "ஒனக்குப் புரியாது, வச்சிட்டுப் போ" என்றார் என் கணவர். "எங்களுக்கே புரியல மதினி. ஒக்காந்து பாருங்க" என்று காதர் பாய் சிரித்தார். உட்காரச் சொல்ல வேண்டியவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. நான் டம்ளரைச் சத்தமாக வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கும் ரோஷம் உண்டு. அடம்பிடித்து அவரை மாட்டுங்காவில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். இன்டர்வலில் பாப்கார்ன் வாங்கப் போனவரைக் காணோம். போய்ப் பார்த்தால் தூண் ஓரமாக நின்று ஃபோனில், "முடிவு இன்னும் வரல காதர், வந்ததும் சொல்றேன்" என்று குசுகுசுத்துக்கொண்டிருக்கிறார்! அன்று வீடு வரும்வரை நான் பேசவில்லை. பேசவில்லை என்பதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

எங்கள் கல்யாண வீடியோ கேசட்டை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடி ஆக்கியிருந்தோம். இரண்டு தட்டு வந்தது. ஒன்றாகச் சுருக்க இருவரும் உட்கார்ந்தார்கள். "பந்தியைத் தூக்கிரு, சாப்பிடுறதை யார் பார்க்கப் போறா?" என்றார் என் கணவர். காதர் பாய் ஒப்பவில்லை. "தாலி கட்டுறத ஒருக்கா பாத்தா போதும்ணே. பந்தியத்தான் நிறுத்தி நிறுத்திப் பாப்பாக" என்றார். ஸ்டூடியோக்காரர் முன்னாலும் பின்னாலும் ஒட்டியிருந்த பறக்கும் இதயங்களையும் மலர்த்தோட்டங்களையும் காதர் பாய் கழித்தார். பந்தியில் கை வைக்கவில்லை.

அந்தப் பந்தியில் என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடுகிறார். அப்பா போன பிறகு நான் போட்டுப் பார்ப்பது அந்த இடத்தை மட்டும்தான். என் அப்பாவை ஒருநாளும் பார்த்திராத காதர் பாய்க்குத் தோன்றியது. அப்பாவின் மருமகனுக்குத் தோன்றவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுக்காரரையும் பிடித்துக்கொண்டு, என் மனசையும் அவரைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தால் நான் எங்கே போவது?

மையத்தை அடக்கத்துக்கு எடுத்துப் போனபிறகு பெண்கள் கூட்டத்தில் ரஹ்மத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம வந்தா ஒங்க வீட்டு மேல எனக்கு எரியும்க்கா" என்றாள். "திரும்பி வந்தாலும் வாரம் பூரா ஒங்க வீட்டுக்காரர் புராணந்தான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். அவளுக்காவது வாரம் முழுக்கக் கதை கிடைத்திருக்கிறது, எனக்கு அதுவும் இல்லையே என்று அங்கேயும் என் மனம் கணக்குப் போட்டது.

போன ஞாயிறு என் கணவர் கம்ப்யூட்டரைப் போட்டார். ஏதோ ஒரு படத்தின் முடிவு ஓடியது. நான் கதவருகே நிற்பதைப் பார்த்துத் திரும்பினார். அழுது வீங்கிய முகம். தன் பெற்றோர் போனபோதுகூட அவர் இப்படி அழவில்லை. எனக்காக அழுவாரா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாயேன், ஒக்காரு" என்றார்.

எத்தனை வருடம் ஏங்கிய வார்த்தை! ஆனால் அது காதர் பாய் உட்காரும் நாற்காலி. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

காதர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொறாமை ஒன்றுதான். அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். காதர் பாய், நீங்களே வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் டீயை வைத்துவிட்டு, பழையபடி பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.