யானையும் காளையும் ஒரு தலையும்

சிலாவத்துறை பஸ்ஸில் இருக்கும்போது மகள் தாராசுரம் கோயிலிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள்.

அவள் கடல் கடந்து தஞ்சாவூரில் சிற்பக்கலை படிக்கிறாள். நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன்.

“அப்பா, இந்தக் கல்லைப் பாருங்கோ. யானைக்கும் காளைக்கும் ஒரே தலை. இந்தப் பக்கத்தை மறைச்சால் காளை.” கையை வைத்து மறைத்தாள். “மற்றப் பக்கத்தை மறைச்சால் யானை.”

“விளங்கேல்லை பிள்ளை. இன்னொருக்கா மறை.”

மறைத்தாள்.

“திரும்ப ஒருக்கா.”

முதல் தரமே விளங்கிவிட்டது. ஆனால் போன் முழுக்கக் கல்லாகத் தெரிந்ததில், அந்தக் கை மட்டும்தான் என் மகளாக வந்து போனது. வளையல் முழங்கை வரை சறுக்குகிறது. மெலிந்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த மீன் யாவாரி நானா எட்டிப் பார்த்தார். “முகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுமன் தம்பி.”

“கேட்டால் ‘சாப்பிட்டன், சுகம், வைக்கிறன்’ எண்டு முடிச்சிடுவாள் நானா. கல்லைப் பற்றிக் கேட்டால் பஸ் சிலாவத்துறை போய்ச் சேரும்வரைக்கும் கதைப்பாள்.”

கோயில் சிற்பம் தெரிந்தவர்களே, நாளைக்குக் கேட்க ஒரு நல்ல கேள்வி சொல்லுங்கள். பதில் நீளமாக இருக்க வேண்டும். கையால் தொட்டுக் காட்ட வேண்டிய சிற்பமென்றால் இன்னும் நல்லது.